மட்டி, நண்டு, கணவாய் வாங்கப் பழகுவோருக்கு: தட்டில் கன உலோகத்தைக் குறைக்கும் வழி

கெட்டுப்போன மட்டியை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். காட்மியமோ காரீயமோ ஏறிய மட்டிக்கு நாற்றம் கிடையாது, ருசியிலும் வித்தியாசம் தெரியாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உலோகம் தனிமம் என்பதால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் அழியாது. அதனால் முக்கியமான வேலையெல்லாம் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எந்த நீரில் பிடித்தது, எந்த உயிரி, எந்தப் பகுதியைக் கழித்தோம், வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற நான்கு கேள்விகளும் கைவசம் இருந்தால் போதும். கரையோர ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களும் மட்டி சமைக்க இப்போதுதான் பழகுகிறவர்களும் இதே வரிசையில் போகலாம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பேச்சில் 'ஈயம்' இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருக்க வேண்டியது வெள்ளீயம். மூளையையும் நரம்பையும் கெடுப்பது காரீயம். பரிசோதனை அறிக்கையில் 'ஈயம்' என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று கேட்டே ஆகவேண்டும். இந்தக் கட்டுரையில் காரீயம் என்றே எழுதுகிறோம்.

மட்டிக்குள் உலோகம் எப்படி ஏறுகிறது

மட்டி, சிப்பி, ஆளி எல்லாம் நீரை உறிஞ்சி, செவுளில் வடிகட்டி, கிடைத்த துகளைத் தின்று வாழ்பவை. இரை தேடி அலைவதில்லை. ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டோ சேற்றில் புதைந்தோ மணிக்கு லிட்டர் கணக்கில் நீரைத் தம் உடல் வழியே செலுத்துகின்றன. நீரில் கரைந்திருப்பதும், சேற்றுத் துகளில் ஒட்டியிருப்பதும், பாசியில் சேர்ந்திருப்பதும் உள்ளே போகும். உள்ளே போன காட்மியத்தை மெட்டலோதயோனின் என்ற புரதம் பிடித்துக் கட்டிவைக்கிறது. மட்டிக்கு அது பாதுகாப்பு. அதனால்தான் அது நோயில்லாமல் கொழுகொழுவென்று வளர்கிறது. கட்டிவைத்த காட்மியம் முழுவதும் அதைத் தின்பவருக்கு வந்து சேர்கிறது.

இந்தக் குணத்தையே கடலை அளக்கும் கருவியாக்கலாம் என்று 1975-இல் எட்வர்டு கோல்ட்பெர்க் என்ற அமெரிக்கக் கடல் வேதியியலாளர் முன்மொழிந்தார். 1986 முதல் அமெரிக்கக் கரையெங்கும் மட்டிகளைப் பிடித்து உலோகம் அளக்கும் திட்டம் நடந்துவருகிறது.

நிறம் காட்டிக்கொடுத்த நிகழ்வும் ஒன்று உண்டு. 1986-இல் தைவானின் தென்மேற்குக் கரையில், பழைய மின்சாமான்களை எரித்து உலோகம் பிரித்த ஆற்றங்கரைத் தொழிலின் கழிவால் சிப்பிகள் பச்சையாக மாறின. காரணம் செம்பு. அதை வைத்து 'பச்சையாக இல்லை, ஆகவே நல்லது' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. காட்மியமும் காரீயமும் பாதரசமும் அப்படி நிறம் காட்டுவதில்லை.

படி 1: எந்த நீர் என்று கேளுங்கள்

விற்பவரிடம் 'புதுசா?' என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், 'எந்தக் கழியில் (கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழியில்) எடுத்தது?' என்றும் கேளுங்கள். கையால் மட்டி பொறுக்கி வருபவர்களுக்கு இது துல்லியமாகத் தெரியும். தவிர்க்க வேண்டிய இடங்கள் இவை: அனல்மின் நிலையச் சாம்பல் கலக்கும் கழிமுகம், தோல் பதனிடும் கழிவும் மின்முலாம் பூசும் கழிவும் வந்து சேரும் ஆற்றின் முகத்துவாரம், படகு பழுதுபார்க்கும் துறை, துறைமுகத்தின் உள்பகுதி, நகரச் சாக்கடை விழும் கால்வாய். படகுத் துறையைச் சேர்ப்பதற்குக் காரணம், படகின் அடிப்பகுதியில் பாசி பிடிக்காமல் பூசும் வண்ணத்தில் உள்ள செம்பு.

சென்னைக்கு வடக்கே எண்ணூர் கழிமுகம் இதற்கு நேரடி உதாரணம். கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கூடும் இடம் அது. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்க் கசிவு அங்கே பல ஆண்டுப் பிரச்சினை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது. அங்குள்ள மீனவர்கள் செய்த தவறு இதில் ஒன்றுமில்லை. மற்றவர்கள் கொட்டியதன் விலையை அவர்களின் வலையும் கூடையும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்தச் சேற்றில் வளர்ந்த மட்டியைக் குழந்தைக்கு ஊட்டலாமா என்று கேட்டால், சமீபத்திய பரிசோதனை முடிவு கையில் இல்லாதவரை வேண்டாம் என்பதே எங்கள் பதில்.

மழைக்காலம் பற்றியும் ஒரு வார்த்தை. கடல்நீரில் காட்மியம் பெரும்பாலும் குளோரைடோடு பிணைந்திருக்கும். ஆற்று வெள்ளம் வந்து உப்பு குறையும்போது அந்தப் பிணைப்பு தளர்ந்து, உயிரி எளிதாக உறிஞ்சும் வடிவில் காட்மியம் கூடுகிறது. கரையில் தேங்கிக் கிடந்த கழிவையும் முதல் வெள்ளம் அடித்துக்கொண்டு வரும். எனவே கழிமுக மட்டியை முதல் மழைக்குப் பின் சில வாரங்களுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. அப்போது கிருமித் தொல்லையும் அதிகம்.

படி 2: உயிரியைப் பார்த்துப் பகுதியைக் கழியுங்கள்

வீட்டில் நம் கையால் உண்மையாகவே உலோகத்தைக் குறைக்க முடிவது இங்கேதான். நண்டு, இறால், கணவாய் மூன்றிலும் காட்மியம் உடல் முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஈரலும் கணையமும் சேர்ந்தாற்போல் வேலை செய்யும் செரிமானச் சுரப்பியில் குவிந்திருக்கிறது. தசையில் அதைவிட மிகக் குறைவு.

நண்டு: மல்லாக்கத் திருப்பி, வயிற்று மடலை நிமிர்த்தி, அதன் அடியில் உள்ள இடைவெளியில் கட்டைவிரலைக் கொடுத்து மேலோட்டை இழுத்தால் ஒரே துண்டாகக் கழன்று வரும். இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் இறகு போல வரிசையாக இருப்பவை செவுள்கள். அவற்றைப் பிய்த்துவிடுங்கள். நடுவிலும் ஓட்டின் இரு மூலைகளிலும் மஞ்சள் கலந்த பச்சையில் கூழாக இருப்பது செரிமானச் சுரப்பி. ருசி என்று பலர் விரும்பிக் குழம்பில் வழித்துப் போடுவதும் இதைத்தான். கரண்டியால் சுரண்டி எடுத்து, ஓடும் நீரில் அலசுங்கள். சினை வேறு: ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக, விரலால் தொட்டால் மணிமணியாகத் தெரியும். கூழையும் சினையையும் ஒன்றென்று நினைத்து இரண்டையும் சேர்த்தே சமைப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

இதைச் சமைக்கும் முன்பே செய்ய வேண்டும். முழு நண்டாக வேகவைத்தாலோ, உறையவைத்து உருக்கினாலோ சுரப்பி உடைந்து அதிலுள்ள காட்மியம் வெள்ளைச் சதைக்கும் வேகும் நீருக்கும் கசிகிறது. நண்டு ரசத்துக்கு முழு நண்டை நசுக்குகிற வழக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம். கால்களையும் கொடுக்குகளையும் மட்டும் இடித்துப் போட்டாலே ரசத்துக்கு மணம் வந்துவிடும்.

இறால்: சுரப்பி தலைக்குள் இருக்கிறது. தலையை உறிஞ்சுவதையும், தலையை அரைத்துக் குழம்பில் சேர்ப்பதையும் வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பெயின் நாட்டு உணவுப் பாதுகாப்பு அமைப்பே தன் மக்களுக்கு இந்த அறிவுரையைத் தந்திருக்கிறது. முதுகில் கறுப்பு நூலாக ஓடுவது குடல். மணலுக்காக அதை எடுக்கிறோம். அதை எடுத்துவிட்டால் உலோகமும் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

கணவாய்: மிகுந்த கவனம் இதற்குத்தான். தலையைப் பிடித்து மெதுவாக, முறுக்காமல் இழுத்தால் குடல் தொகுதி முழுவதும் சேர்ந்து வரும். வெள்ளி மினுக்கத்தோடு இருப்பது மைப்பை. பழுப்பு நிறத்தில் நீள்வட்டமாக, தொட்டால் எண்ணெய்ப் பசையோடு இருப்பது செரிமானச் சுரப்பி. தசையில் இருப்பதைவிடப் பல மடங்கு காட்மியம் இந்தச் சிறு பையில் இருக்கும். இது உடைந்தால் பழுப்புச் சாறு உடனே உள்சுவரில் படியும். படிந்தால் கையோடு அலசிவிடுங்கள், ஊறவிடாதீர்கள். குடலோடு முழுதாக உறையவைத்து விற்கும் கணவாய் உருகும்போது இந்தச் சாறு தசைக்குள் இறங்கிவிடுகிறது. உள்பக்கம் பழுப்பேறியிருந்தால் வாங்காதீர்கள். பிடித்த அன்றே குடல் எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். சின்னக் கணவாயைச் சுத்தம் செய்யாமல் முழுதாகப் பொரிப்பதும் இதே காரணத்தால் வேண்டாம்.

மட்டியிலும் சிப்பியிலும் இப்படிப் பிரித்தெடுப்பது கடினம். கல்லில் ஒட்டி வளரும் பெரிய சிப்பியில் (குமரிக் கரையில் சிப்பி, கேரளத்தில் கல்லுமேக்காய்) நார்க்கற்றையையும் நடுவில் உள்ள கரும்பச்சைக் குடல் பகுதியையும் கிள்ளி எடுத்துவிடலாம். சிறிய மட்டியில் அது நடக்காது, முழுதாகவே வாய்க்குள் போகும். அதனால் மட்டிக்கு 'எந்த நீர்' என்ற முதல் படிதான் முக்கியம்.

படி 3: மணல் கக்கவைப்பது, வேகவைப்பது

ஒரு லிட்டர் நீருக்கு 30 கிராம் உப்பு. கழிமுக மட்டிக்கு 20 கிராம் போதும். குளோரின் வாடை அடிக்கும் குழாய்நீர் வேண்டாம், மட்டி வாயைத் திறக்காது. அகலமான பாத்திரத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, இருட்டான, சூடில்லாத இடத்தில் 6 முதல் 12 மணி நேரம் விடுங்கள். அடியில் ஒரு சல்லடைத் தட்டு இருந்தால் கக்கிய மணலை மறுபடி உறிஞ்சாது. நீர் கலங்கினால் ஒரு முறை மாற்றுங்கள். மட்டி செத்தால் பெரும்பாலும் பாத்திரம் ஆழமாகி மூச்சுக்காற்று தீர்ந்ததுதான் காரணம்.

இதனால் குடலில் கிடக்கும் சேறும், அதில் ஒட்டிய கொஞ்சம் காரீயமும் குரோமியமும் வெளியேறும். சதையில் பிணைந்த காட்மியம் வெளியேறாது. பண்ணைகளில் சுத்திகரித்த கடல்நீரில் இரண்டு நாள் வைப்பதுகூடக் கிருமிக்காகத்தான். சதையிலுள்ள காட்மியம் பாதியாகக் குறைய நல்ல நீரிலும் மாதக்கணக்கில் ஆகும். 'ராத்திரி முழுக்க ஊறவைத்தேன், விஷமெல்லாம் போய்விட்டது' என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. எலுமிச்சையும் புளியும் மஞ்சளும் அப்படித்தான். மணம் கொடுக்கும், உலோகத்தை எடுக்காது.

வேகும்போது சதை சுருங்கி நீர் வெளியேறுவதால், கிராமுக்குக் கிராம் பார்த்தால் உலோகத்தின் அளவு கூடியதுபோலத் தெரியும். மொத்த அளவு கூடவில்லை. சந்தேகமான மட்டியாக இருந்தால் வேகும் நீரைக் கொட்டிவிடுங்கள், கொஞ்சம் போகும். அதை நம்பி அளவை மட்டும் கூட்ட வேண்டாம். புளிக்குழம்பைக் கலாய் போன பித்தளையிலோ, எந்த உலோகத்தால் பூசியது என்று தெரியாத பாத்திரத்திலோ வைத்தால் பாத்திரத்திலிருந்தே செம்போ காரீயமோ இறங்கும். மண்சட்டியும் எவர்சில்வரும் நல்லது. பளபளக்கும் வண்ணப் பூச்சுள்ள மண்சட்டி என்றால் காரீயம் இல்லாத பூச்சா என்று கேட்டு வாங்குங்கள்.

படி 4: வாரக் கணக்கு

காட்மியத்துக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2009-இல் வகுத்த அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 2.5 மைக்ரோகிராம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 125 மைக்ரோகிராம். இது மட்டிக்கு மட்டும் அல்ல. அரிசி, கீரை, கிழங்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் காட்மியம் உண்டு. பாதியை அவற்றுக்கு ஒதுக்கினால் கடல் ஓட்டுயிரிகளுக்கு மிஞ்சுவது 62.5 மைக்ரோகிராம்.

சதையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் காட்மியம் இருந்தால், ஒரு கிராமில் 0.5 மைக்ரோகிராம். 62.5-ஐ 0.5-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 125 கிராம் சதை. 1 மில்லிகிராம் என்றால் 62 கிராம். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் பெரும்பாலான கடல் மட்டிகளுக்கு அனுமதிக்கும் உச்சம் 2 மில்லிகிராம். அந்த அளவில் 31 கிராம்தான், அதாவது ஒரு சின்னக் கிண்ணம்கூட நிறையாது. சட்ட வரம்புக்குள் இருக்கிறது என்பதற்கு 'எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்று பொருள் கிடையாது. 15 கிலோ குழந்தைக்கு இதே கணக்கைப் போட்டால் 0.5 மில்லிகிராம் மட்டியில் வாரத்துக்கு 37 கிராம் வருகிறது.

ஓட்டோடு நிறுத்து வாங்குவதால் இந்தக் கணக்கு தப்பிவிடும். ஒரு முறை வேகவைக்கும் முன் சதையை மட்டும் எடுத்து நிறுத்துப் பாருங்கள். சிறிய மட்டியில் ஒரு கிலோவுக்குச் சதை உத்தேசமாக 100 முதல் 150 கிராம்தான் தேறும்.

இந்த அளவைத் தாண்டிய அன்றே ஒன்றும் ஆகாது. காட்மியம் சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது ஆண்டுகள் தங்குவதால், எது வழக்கமோ அதுவே கணக்கில் சேர்கிறது. நுண்குழாய்கள் கெட்டு, சிறுநீரில் புரதம் கசிந்து, பின்னாளில் எலும்பும் தேயும். இரும்புச்சத்துக் குறைந்தவர்களின் குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சுகிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதால் இது நமக்கு ஏட்டுச் செய்தி அல்ல. ரத்தசோகையைச் சரிசெய்வதும் ஒரு தற்காப்பு. புகையிலையும் காட்மியத்தை ஏற்றும். புகைப்பவர் வாரக் கணக்கை இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

காரீயத்துக்கு இப்படிக் கணக்குப் போட வழியில்லை. 2010-இல் சர்வதேச வல்லுநர் குழு, பழைய வார அளவு குழந்தைகளின் அறிவுத்திறனைக் காக்கப் போதாது என்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ஆகவே குழந்தைக்குச் சந்தேகமான கழிமுக மட்டி வேண்டவே வேண்டாம்.

பாதரசத்தில் நிலைமை வேறு. மீத்தைல் பாதரசம் உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகக் கூடுவது. மட்டியும் இறாலும் கீழ்ப்படியில் இருப்பதால் பொதுவாகக் குறைவு. கர்ப்பிணிகளுக்கான அமெரிக்க அரசின் பட்டியலில் இறால், மட்டி, நண்டு, கணவாய் எல்லாம் பாதரசம் குறைந்த வரிசையில்தான் இருக்கின்றன. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுக்கும் வீடுகளில் கவனிக்க வேண்டியது சுறாவின் அளவை. பெரிய சுறாவைத் தவிர்த்து, சின்னதை எப்போதாவது கொடுக்கலாம். ஆலை நேரடியாக மீத்தைல் பாதரசத்தைக் கொட்டினால் மட்டியும் தப்பாது. 1956-இல் பாதரச நஞ்சின் பாதிப்பு வெளிச்சத்துக்கு வந்த ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் மக்கள் உண்ட மீனோடு சிப்பிகளும் நஞ்சாகியிருந்தன.

பரிசோதனை அறிக்கையில் ஆர்செனிக்கின் அளவைப் பார்த்துப் பதற வேண்டாம். கடலுணவில் இருப்பதில் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற கரிம வடிவம், உடலில் தங்காமல் வெளியேறிவிடும். கேட்க வேண்டியது கனிம ஆர்செனிக் எவ்வளவு என்பதை.

படி 5: பரிசோதனைக்குக் கொடுப்பதென்றால்

மீனவர் சங்கமோ, கல்லூரி மாணவர்களோ, குடியிருப்போர் குழுவோ சேர்ந்து ஒரு கழியின் மட்டியைச் சோதிக்கலாம். தேசிய அங்கீகாரம் (என்.ஏ.பி.எல்.) பெற்ற ஆய்வகத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கீகாரம் மீன், ஓட்டுயிரிகளில் காட்மியம், காரீயம், பாதரசம் அளப்பதற்கே உண்டா என்று பாருங்கள்.

ஒரே அளவுள்ள 25 முதல் 30 மட்டிகள் ஒரு தொகுதி; அப்படி மூன்று தொகுதிகள். அளவு மாறினால் வயது மாறும், ஒப்பிட முடியாமல் போகும். பிடித்த நீரிலேயே அலசி, புதிய பாலித்தீன் பையில் போட்டு, நாளும் இடமும் சராசரி நீளமும் பென்சிலால் எழுதிய சீட்டை வெளிப்பையில் வைத்து, ஐஸில் வையுங்கள். பழைய செய்தித்தாளிலும் வண்ணப் பையிலும் சுற்றக் கூடாது, மையிலும் சாயத்திலும் காரீயம் இருக்கலாம். குடல் காலியாக வேண்டுமா, சந்தையில் விற்கும் நிலையிலேயே அளக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து ஆய்வகத்திடம் சொல்லுங்கள். உண்பவரின் அபாயம் தெரிய வேண்டுமானால் உண்ணும் நிலையில்தான் அளக்க வேண்டும். திறப்பதற்குப் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் கத்தி. எஃகுக் கத்தி குரோமியத்தையும் நிக்கலையும் சேர்த்துவிடும். ஒவ்வொரு தொகுதியோடும் மட்டி சேர்க்காத வெற்று மாதிரியும், உலோக அளவு முன்பே தெரிந்த சான்றுபெற்ற மட்டித்தூளும் சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள். சான்றுத்தூளின் அளவு 80 முதல் 120 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைக்கவில்லை என்றால் மற்ற எண்களை நம்ப வேண்டாம்.

அறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அளவு ஈர எடைக்கா, உலர் எடைக்கா என்பது. மட்டிச் சதையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர். ஆராய்ச்சிக் கட்டுரைகள் பெரும்பாலும் உலர் எடையில் எழுதும். சட்ட வரம்புகள் ஈர எடையில் இருக்கும். உலர் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் காட்மியம் என்றால் ஈர எடையில் சுமார் 0.8, மட்டிக்கான ஐரோப்பிய வரம்பு காட்மியத்துக்கு 1.0, காரீயத்துக்கு 1.5. இந்த ஐந்து மடங்கைக் கவனிக்காமல் '4 மடங்கு விஷம்' என்று பரவும் செய்தி ஒரு ஊரின் பிழைப்பையே கெடுத்துவிடும். ஈர எடையில் வந்த எண்ணை உலர் எடை என்று எண்ணி ஐந்தால் வகுத்துவிட்டால், நஞ்சு நல்லதாகத் தெரியும். ஒரே ஒரு மாதிரியை வைத்து ஊர் முடிவு எடுக்காதீர்கள். மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முறையாவது அளக்க வேண்டும்.

உடனே தெரியும் விஷம் உலோகம் அல்ல

மட்டி சாப்பிட்ட சில நிமிடங்களில் அல்லது சில மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் மரத்து, விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் இருந்து, நடை தள்ளாடினால் அது பாசி நஞ்சு. 1981-இல் கல்பாக்கத்தை அடுத்த வாயலூரில் கழிமுக மட்டி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், மூவர் இறந்தார்கள். இதுவும் கொதிக்கவைத்தால் அழியாது. மாற்று மருந்து கிடையாது, மூச்சுத் தசை செயலிழந்தால் செயற்கைச் சுவாசம்தான் காப்பாற்றும். வாந்தி எடுக்கவைத்தும் மோர் கொடுத்தும் நேரத்தை வீணாக்காமல், செயற்கைச் சுவாச வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். மீதமிருக்கும் மட்டியை ஓட்டோடு ஒரு பையில் எடுத்துச் சென்று, எந்தக் கழியில் பொறுக்கியது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.